‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங்’ என்று எழுதுவது ஏன் பிழை? ‘இங்’, ‘எட்’ ஈற்றுப் பெயரடைகள் குறித்து ஒரு விவாதம்

விண்ணப்பதாரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் ஒரு பணிக்கு விண்ணப்பித்தபோது, கடிதத்தின் முதல் வரியிலேயே ‘ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். பிறகு அதைப் படித்த என் அக்கா, அங்கே ‘இன்ட்ரஸ்டெட்’ என்றுதான் வர வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, ‘அப்படித்தான் சொல்வார்கள்’ என்பதற்கு மேல் அவராலும் விளக்க முடியவில்லை.

‘இங்’ என்று முடிந்தால் நிகழ்காலம், ‘எட்’ என்று முடிந்தால் இறந்தகாலம் என்று நான் பள்ளியில் படித்தேன். எனக்கு இந்தப் பணியில் ஆர்வம் இப்போது இருக்கிறது, நேற்றோடு முடிந்துவிடவில்லை. ஆகவே நிகழ்கால வடிவத்தை எழுதினேன். இணையத்தில் தேடியபோது, பொருள்களுக்கு ‘இங்’, மனிதர்களுக்கு ‘எட்’ என்று ஒரு விதி கிடைத்தது. ஆனால் அன்றைக்கே வேறொரு கட்டுரையில் ‘அன் இன்ட்ரஸ்டிங் உமன்’ என்ற தொடரைக் கண்டேன். பெண் மனிதர்தானே? மனப்பாடம் செய்வதற்கு ஒரு வாய்ப்பாட்டை நான் கேட்கவில்லை. இப்படி வருவதற்கான காரணத்தை யாராவது விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

உங்கள் குழப்பத்திற்கு நீங்கள் காரணமல்ல, தம்பி. இந்த இரண்டு வடிவங்களுக்கும் ஆங்கில இலக்கணத்தில் வைத்திருக்கும் பெயர்களே குழப்பத்தின் தொடக்கம். ‘பிரசன்ட் பார்ட்டிசிபிள்’, ‘பாஸ்ட் பார்ட்டிசிபிள்’ என்று அவற்றை அழைப்பதால், ஒன்று நிகழ்காலத்தையும் மற்றொன்று இறந்தகாலத்தையும் காட்டுகின்றன என்றே மாணவர் எண்ணுகின்றனர். அவை பெயரடையாக வரும்போது காலத்தைக் காட்டும் பொறுப்பு அவற்றிடம் இல்லை; வாக்கியத்தின் முதன்மை வினைதான் காலத்தைக் காட்டுகிறது. ‘தி ஃபிலிம் வாஸ் போரிங்’ என்பது நேற்றைய செய்தி, ஆனாலும் அதில் ‘இங்’ இருக்கிறது. ‘ஐ வில் பி சர்ப்ரைஸ்ட் இஃப் ஹி கம்ஸ் டுமாரோ’ என்பது நாளைய செய்தி, ஆனாலும் அதில் ‘எட்’ இருக்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே காலத்தைப் பற்றிய விதி விழுந்துவிடும்.

உண்மையான வேறுபாடு, உணர்வை உண்டாக்குவது எது, அந்த உணர்வுக்கு ஆளாவது யார் என்பதில் இருக்கிறது. ‘இன்டரஸ்ட்’ என்ற வினைக்கு ஆர்வத்தைத் தூண்டுதல் என்று பொருள். தூண்டுகிற எதுவும், அது நூலானாலும் மனிதரானாலும், ‘இன்ட்ரஸ்டிங்’. தூண்டப்பட்டவர் ‘இன்ட்ரஸ்டெட்’. எனவே, நீங்கள் எழுதிய வரியைப் படிப்பவருக்கு, ‘நான் மிகவும் சுவாரசியமான ஆள்’ என்று நீங்களே சொல்லிக்கொள்வதாகப் பொருள்படும்.

பொருள்களுக்கு ஒன்று, மனிதர்களுக்கு ஒன்று என்ற விதியைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். நான் பணியில் இருந்த காலம் முழுவதும் அந்த விதியோடு போராடியிருக்கிறேன். பத்து வாக்கியங்களில் எட்டில் அது சரியான விடையைத் தந்துவிடுவதுதான் அதன் ஆபத்து. மாணவர் அதை நம்பத் தொடங்கிவிடுவார். ‘ஹி இஸ் எ போரிங் ஸ்பீக்கர்’ என்பது, கேட்பவருக்குச் சலிப்பூட்டும் பேச்சாளர் என்று பொருள் தரும் சரியான வாக்கியம். மறுபுறம், ‘எ வொர்ரீட் லுக்’ என்றால் கவலை தோய்ந்த பார்வை. பார்வை மனிதர் அன்று. எனினும் கவலைப்படும் மனிதரின் உணர்வை அது வெளிக்காட்டுவதால் ‘எட்’ வடிவமே பொருந்துகிறது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஆசிரியை அம்மா கூறியதை முழுமையாக ஏற்கிறேன். அதோடு, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நமக்கு இந்தப் பிழை ஏன் இவ்வளவு எளிதாக நேர்கிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். கவனக்குறைவால் மட்டும் இது வருவதில்லை. நம் மொழியின் அமைப்பே நம்மை அந்தப் பக்கம் தள்ளுகிறது.

‘படம் சலிப்பாக இருக்கிறது’, ‘எனக்குச் சலிப்பாக இருக்கிறது’ என்ற இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். பயனிலை இரண்டிலும் ஒன்றுதான். சலிப்பை உண்டாக்குவது படம், அதை அனுபவிப்பவன் நான் என்ற வேறுபாட்டை, ‘எனக்கு’ என்பதில் உள்ள நான்காம் வேற்றுமை உருபான ‘கு’ ஒன்றே தாங்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் இந்த இடத்தில் ‘எனக்கு’ என்ற அமைப்பு இல்லை. அங்கே ‘தி ஃபிலிம்’ எப்படி எழுவாயாக நிற்கிறதோ, அப்படியே ‘ஐ’ என்பதும் எழுவாயாக நிற்க வேண்டும். வேற்றுமை உருபு இல்லாத அந்த இடத்தில், வேறுபாட்டைக் காட்டும் வேலை முழுவதும் பெயரடையின் ஈற்றுக்குப் போய்விடுகிறது. ‘எனக்கு’ என்று மனத்தில் நினைத்து ‘ஐ’ என்று எழுதும் கணத்தில் நாம் ‘கு’வைக் கைவிடுகிறோம், அதற்கு ஈடாக ‘எட்’டைச் சேர்க்க வேண்டும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

பெயருக்கு முன்னால் வரும் அடைகளிலும் இதே நிலைதான். ‘குழப்பமான கேள்வி’ என்றால் கேள்வி நம்மைக் குழப்புகிறது. ‘குழப்பமான மனநிலை’ என்றால் மனம் குழம்பியிருக்கிறது. ‘மகிழ்ச்சியான செய்தி’யும் ‘மகிழ்ச்சியான குழந்தை’யும் அப்படியே. ‘ஆன’ என்ற ஈறு இரண்டு திசைகளுக்கும் பொதுவாக இருப்பதால், ‘கன்ஃப்யூஸிங்’, ‘கன்ஃப்யூஸ்ட்’ இரண்டையும் நாம் ஒரே சொல்லால் பெயர்த்துவிடுகிறோம். திரும்ப ஆங்கிலத்திற்குப் போகும்போது எதை எடுப்பது என்று தடுமாறுகிறோம்.

இலக்கண ஆர்வலர் எழுதியது:

மொழிபெயர்ப்பாளர் கூறியதற்கு நம் மரபிலக்கணத்திலும் சான்று இருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல், பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்கிறது: செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள். எழுதிய கவிஞர், எழுதிய தூரிகை, எழுதிய அறை, எழுதிய எழுத்து, எழுதிய நாள், எழுதிய கடிதம் என ‘எழுதிய’ என்ற ஒரே வடிவம் ஆறுக்கும் பொருந்துகிறது. கவிஞர் எழுதினார் என்பதையும் கடிதம் எழுதப்பட்டது என்பதையும் உலக அறிவைக் கொண்டே நாம் புரிந்துகொள்கிறோம். எச்சத்தின் வடிவம் அதைச் சொல்வதில்லை. ‘எழுதப்பட்ட கடிதம்’ என்று எழுத நம்மால் முடியும் என்றாலும், இயல்பான தமிழுக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

ஆங்கிலத்தில் செய்பவருக்கு ‘இங்’, செயப்படுபொருளுக்கு ‘எட்’ என்று இரண்டு வாயில்கள் மட்டுமே உள்ளன. ‘எழுதிய அறை’, ‘எழுதிய நாள்’ போன்றவற்றை இந்த எச்சங்களால் சொல்லவே முடியாது. ‘தி ரூம் இன் விச்’ என்று தொடங்கி ஒரு துணை வாக்கியத்தை அமைத்தாக வேண்டும். ஆறு பொருள்களுக்கும் ஒரே வாயிலில் பழகிய நாம், இரண்டு வாயில்கள் உள்ள இடத்தில் தயங்கி நிற்பது இயல்புதானே?

மெய்ப்புத் திருத்துநர் எழுதியது:

இதுவரை வந்த பதிவுகளைப் படித்தால், தமிழில் இந்த வேறுபாடே இல்லை என்ற எண்ணம் ஒருவருக்கு ஏற்படக்கூடும். அதை நான் மறுக்க விரும்புகிறேன். தமிழில் வேறுபாடு மிகத் தெளிவாக இருக்கிறது. நாம்தான் அதைத் தவறான இடத்தில் தேடுகிறோம். எச்சத்தின் ஈற்றில் அது இல்லை, வினையின் அடியில் இருக்கிறது.

குழம்பு, குழப்பு. மயங்கு, மயக்கு. வருந்து, வருத்து. தன்வினையும் பிறவினையும் இப்படி இணை இணையாக நம்மிடம் இருக்கின்றன. ‘குழப்பும் கேள்வி’ என்றால் ‘கன்ஃப்யூஸிங்’. ‘குழம்பிய மாணவர்’ என்றால் ‘கன்ஃப்யூஸ்ட்’. அத்தகைய இணை இல்லாத இடங்களில் ‘ஊட்டு’, ‘அளி’, ‘உறுத்து’ போன்ற துணைகளைச் சேர்த்துக்கொள்கிறோம். சலிப்பூட்டும் உரை, சலிப்புற்ற அவையினர். அச்சுறுத்தும் ஓசை, அஞ்சிய குழந்தை. நிறைவளிக்கும் பணி, நிறைவடைந்த பணியாளர். ‘ஆன’, ‘ஆக’ என்ற பொதுவான ஈறுகளோடு நின்றுவிடாமல், சொல்ல வந்ததை ஒருமுறை வினையாக்கிப் பார்த்தால் விடை நம் மொழியிலேயே கிடைத்துவிடும். ‘ஊட்டும்’ என்று வந்தால் ‘இங்’. ‘உற்ற’ அல்லது ‘அடைந்த’ என்று வந்தால் ‘எட்’.

விண்ணப்பதாரர் தம் வரியை இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். நீங்கள் பணிக்கு ஆர்வமூட்டுகிறீர்களா, அல்லது பணியில் ஆர்வமுற்றிருக்கிறீர்களா? ஆங்கில நூல்களைத் திருத்தும்போது ஐயம் வந்தால் இன்றும் நான் இதைத்தான் செய்கிறேன்.

விண்ணப்பதாரர் எழுதியது:

ஐயா, இந்தச் சோதனை எனக்கு மிகவும் உதவியாக இருக்கிறது. ஆனால் முயன்று பார்த்தபோது இரண்டு இடங்களில் தடங்கல் ஏற்பட்டது. ‘காணாமல் போன குழந்தை’ என்பது தன்வினை. ‘போன’ என்று முடிந்த செயலாகவும் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் ‘எ மிஸ்ஸிங் சைல்ட்’ என்கிறார்கள். ‘சிரித்த முகம்’ என்று நாம் சொல்வதை ‘எ ஸ்மைலிங் ஃபேஸ்’ என்கிறார்கள். அதே சமயம் ‘உதிர்ந்த இலைகள்’ என்பது ‘ஃபாலன் லீவ்ஸ்’. இலை தானாகத்தானே உதிர்கிறது? அதை யாரும் உதிர்க்கவில்லையே, பிறகு எப்படி ‘எட்’ வரிசையைச் சேர்ந்த வடிவம் அங்கே வருகிறது?

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

மிக நல்ல கேள்வி. மெய்ப்புத் திருத்துநர் ஐயா தந்த சோதனை, பிறரைப் பாதிக்கும் வினைகளுக்கு, அதிலும் உணர்வு சார்ந்த வினைகளுக்கு உரியது. செயப்படுபொருள் குன்றிய வினைகளுக்குக் கணக்கு வேறு. அங்கே செய்பவர், செய்யப்பட்டவர் என்ற இரண்டு பக்கங்கள் இல்லை. ஒருவர் மட்டுமே இருக்கிறார். ஆகவே ‘இங்’, ‘எட்’ என்ற இணை வேறொரு வேலையை ஏற்றுக்கொள்கிறது. நடந்துகொண்டிருப்பதை ‘இங்’ காட்டுகிறது. நடந்து முடிந்து, அதன் விளைவாக நிற்கும் நிலையை ‘எட்’ காட்டுகிறது. ‘ஃபாலிங் லீவ்ஸ்’ காற்றில் இறங்கிக்கொண்டிருக்கும் இலைகள், ‘ஃபாலன் லீவ்ஸ்’ தரையில் கிடக்கும் இலைகள். வளரும் நாடுகளை ‘டெவலப்பிங்’ என்றும் வளர்ந்த நாடுகளை ‘டெவலப்ட்’ என்றும் சொல்வதும் இதனால்தான். என் பெயராக இங்கே நிற்கும் ‘ஓய்வுபெற்ற’ என்பதும் ஆங்கிலத்தில் ‘ரிட்டயர்ட்’. பணியை முடித்துக்கொண்டேன், அதன் விளைவான நிலையில் இன்று இருக்கிறேன்.

ஆனால் எல்லாத் தன்வினைகளுக்கும் இந்த ‘எட்’ வடிவம் பெயருக்கு முன்னால் வராது. உதிர்தல், மங்குதல், காலாவதியாதல், தப்பிச்செல்லுதல் போல, ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குப் போவதைக் குறிக்கும் வினைகளுக்கே அது பெரும்பாலும் பொருந்தும். ‘ஃபேடட் கலர்’, ‘எக்ஸ்பயர்ட் பாஸ்போர்ட்’, ‘எஸ்கேப்ட் பிரிசனர்’ ஆகியவை சரி. சிரித்தல், தூங்குதல், ஓடுதல் போன்றவை செய்தவரின் நிலையை அப்படி மாற்றிவிடுவதில்லை. ஆகவே தமிழில் ‘சிரித்த முகம்’, ‘தூங்கிய குழந்தை’ என்று தயங்காமல் சொல்லலாம் என்றாலும், ஆங்கிலத்தில் ‘ஸ்மைல்ட் ஃபேஸ்’, ‘ஸ்லெப்ட் சைல்ட்’ என்பவை இல்லை. ‘அரைவ்ட்’ என்பது இன்னும் நுட்பமானது. தனியே ‘அரைவ்ட் கெஸ்ட்ஸ்’ என்று எழுத முடியாது. ‘நியூலி அரைவ்ட் கெஸ்ட்ஸ்’ என்று ஓர் அடை சேர்ந்தால் வாக்கியம் நிமிர்ந்துவிடுகிறது.

‘மிஸ்ஸிங்’ என்பதைத் தனியாகவே நினைவில் கொள்ளுங்கள். இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமலிருத்தல் என்ற பொருளில் அது வருகிறது. குழந்தை போய்விட்டது என்பதைக் காட்டிலும், இப்போது இங்கே இல்லை என்பதையே அது சொல்கிறது. ‘மிஸ்ட்’ என்பது, கைக்கு எட்டாமல் நழுவவிட்டது. தவறிய அழைப்பை ‘மிஸ்ட் கால்’ என்கிறோம். தொலைந்த கோப்பை ‘மிஸ்ஸிங் ஃபைல்’ என்கிறோம்.

கல்லூரி மாணவி எழுதியது:

இதோடு தொடர்புடைய ஓர் ஐயம். உரையாற்றிய ஒருவரைப் பாராட்டி ‘இம்ப்ரெஸ்ஸிங் ஸ்பீச்’ என்று எழுதினேன். பேராசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். பேச்சு என்னைக் கவர்ந்தது, ஆகவே ‘இங்’ என்ற விதிப்படிதானே எழுதினேன்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

விதிப்படி நீங்கள் எண்ணியது சரிதான். ஆனால் சில வினைகளுக்கு ‘இங்’ பெயரடையின் இடத்தில் வேறொரு பெயரடை முன்பே குடியேறிவிட்டது. ‘இம்ப்ரெஸ்ட்’ என்பதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது ‘இம்ப்ரெஸிவ்’. ‘அட்ராக்டட்’ என்பதற்கு ‘அட்ராக்டிவ்’, ‘அஃபெண்டட்’ என்பதற்கு ‘அஃபென்ஸிவ்’, ‘டிலைட்டட்’ என்பதற்கு ‘டிலைட்ஃபுல்’, ‘ஸ்ட்ரெஸ்ட்’ என்பதற்கு ‘ஸ்ட்ரெஸ்ஃபுல்’, ‘ஸ்கேர்ட்’ என்பதற்கு ‘ஸ்கேரி’. உணர்வுக்கு ஆளானவரைக் குறிக்கும் ‘எட்’ வடிவம் எப்போதும் போலவே வருகிறது. உணர்வை உண்டாக்கும் பக்கத்தில்தான் இந்த மாற்றம். இவற்றுக்குப் பொதுவான காரணம் எதையும் என்னால் காட்ட முடியாது. புதிய சொல் ஒன்றைக் கற்கும்போது இரண்டு பக்கத்துச் சொற்களையும் சேர்த்தே குறித்துக்கொள்வதுதான் வழி. அகராதியில் ஒரு பக்கம் புரட்டினால் தெரிந்துவிடும்.

மெய்ப்புத் திருத்துநர் எழுதியது:

பெயரடைக்குப் பின் வரும் முன்னிடைச் சொற்களைப் பற்றியும் ஒரு சொல். ‘இன்ட்ரஸ்டெட் இன்’, ‘டயர்ட் ஆஃப்’, ‘எக்ஸைட்டட் அபவுட்’, ‘சாட்டிஸ்ஃபைட் வித்’ என ஒவ்வொன்றும் தனக்குரிய துணையோடு வருகிறது. சொல்லோடு சேர்த்தே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ‘போர்ட் ஆஃப்’ என்பது இப்போது பரவலாகக் கேட்கிறது என்றாலும், முறையான எழுத்தில் ‘போர்ட் வித்’ அல்லது ‘போர்ட் பை’ என்றே நான் திருத்துகிறேன்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது, பெயரடை நிற்கும் இடம். அலுவலகக் கடிதங்களில் நம்மில் பலர் ‘தி கன்சர்ன்ட் ஆஃபீசர்’ என்று எழுதுகிறோம். சம்பந்தப்பட்ட அதிகாரி என்பதே நம் கருத்து. ஆனால் ‘கன்சர்ன்ட்’ பெயருக்கு முன்னால் வந்தால், கவலை கொண்ட என்ற பொருளே பொதுவாகக் கொள்ளப்படும். ‘கன்சர்ன்ட் பேரண்ட்ஸ்’ என்றால் பிள்ளைகளை எண்ணிக் கவலைப்படும் பெற்றோர். சம்பந்தப்பட்ட என்ற பொருள் வேண்டுமானால், பெயருக்குப் பின்னால் ‘தி ஆஃபீசர் கன்சர்ன்ட்’ என்று எழுத வேண்டும். நம்மிடையே முந்தைய வடிவம் வேரூன்றிவிட்டதால் இங்கே அது புரியும். வேறு நாட்டு வாசகர் ஒருவர் அந்த அதிகாரிக்கு என்ன கவலை என்று தேடக்கூடும். ‘இன்வால்வ்ட்’ என்பதும் இதே வகையைச் சேர்ந்தது. ‘அன் இன்வால்வ்ட் ஆர்க்யுமென்ட்’ என்றால் சிக்கலான வாதம். ‘தி பீப்பிள் இன்வால்வ்ட்’ என்றால் அதில் தொடர்புடைய மக்கள்.

இலக்கண ஆர்வலர் எழுதியது:

ஒரு சொல் இன்னும் வினையாகவே இருக்கிறதா, பெயரடையாக மாறிவிட்டதா என்று அறிய ‘வெரி’யைச் சேர்த்துப் பார்க்கலாம். ‘வெரி கன்ஃப்யூஸ்ட்’ என்பது பொருந்துகிறது. ‘தி லெட்டர் வாஸ் வெரி ரிட்டன்’ என்பது பொருந்தவே இல்லை. முன்னது முழுப் பெயரடை, பின்னது செயப்பாட்டு வினை. ‘அன்’ என்ற எதிர்மறை முன்னொட்டும் இதற்கு உதவும். ‘அன்எக்ஸ்பெக்டட்’ என்ற பெயரடை இருக்கிறது, ஆனால் ‘அன்எக்ஸ்பெக்ட்’ என்று ஒரு வினை இல்லை. வினையிலிருந்து பிரிந்து வந்து, பெயரடை தனக்கென ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டதற்கு அது அடையாளம்.

‘ஸ்லீப்பிங் சைல்ட்’, ‘ஸ்லீப்பிங் பேக்’ என்ற இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது என்பதையும் இங்கே சேர்க்கிறேன். குழந்தை தூங்குகிறது, பை தூங்குவதில்லை, தூங்குவதற்கு உதவுகிறது. பின்னதில் இருப்பது தொழிற்பெயர். நன்னூல் கூறும் கருவிப் பொருளை நினைவில் கொண்டால் நமக்கு இது எளிதாகவே விளங்கும்.

விண்ணப்பதாரர் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வேறொரு பணிக்காகப் புதிய கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறேன். அதன் மூன்று வரிகளைத் திருத்தித் தர வேண்டுகிறேன். ‘ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டெட் இன் திஸ் ஜாப். மை டிரெய்னிங் வாஸ் டிமாண்டிங் பட் ரிவார்டிங். ஐ ஆம் எ வெல்-ரெட் அண்ட் ஹார்ட்-வொர்க்ட் பர்சன்.’ முதல் வரியில் ஆர்வமுற்றவன் நான். இரண்டாம் வரியில் பயிற்சி என்னிடம் உழைப்பைக் கோரியது, பயனையும் அளித்தது. ஆகவே இரண்டும் ‘இங்’. மூன்றாம் வரியில், நிறையப் படித்தவன், கடுமையாக உழைத்தவன் என்ற பொருளில் இரண்டையும் ஒரே வகையாக அமைத்தேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

முதல் இரண்டு வரிகளும் பிழையற்றவை, தம்பி. காரணத்தோடு எழுதியிருப்பதைப் படிக்க நிறைவாக இருக்கிறது. மூன்றாம் வரியில் மட்டும் ‘ஹார்ட்-வொர்க்கிங்’ என்று மாற்றுங்கள். உழைப்பவர் நீங்கள், ஆகவே ‘இங்’. ‘ஹார்ட்-வொர்க்ட்’ என்றால் பிறர் உங்களிடம் கடுமையாக வேலை வாங்கினார்கள் என்ற பொருள் வந்துவிடும். ‘ஓவர்வொர்க்ட்’ என்ற சொல்லில் இருப்பதும் அதே பொருள்தான்.

‘வெல்-ரெட்’ சரியானதே. படித்தவர் நீங்களாக இருந்தும் அங்கே ‘எட்’ வரிசை வடிவம் வருவது உங்களை மீண்டும் தடுமாறச் செய்யலாம். ‘வெல்-ரெட்’, ‘வெல்-ஸ்போக்கன்’, ‘வெல்-டிராவல்ட்’ என்று ‘வெல்’ முன்னால் சேர்ந்து வரும் ஒரு சிறு கூட்டத்திலும், அந்த வடிவம் செய்தவரையே குறிக்கிறது. நம்முடைய ‘படித்த மனிதர்’ என்ற தொடரில் உள்ள பெயரெச்சம் போலவே அது நடந்துகொள்கிறது. அந்தச் சில சொற்களை அப்படியே ஏற்றுக்கொண்டு, கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.